விபத்தே இல்லாத ரோடு

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா சார், இல்ல நீங்க சொல்றீங்களா?"

இன்ஜினியர் நிமிர்ந்துகூடப் பாக்கல. சாலைப் பாதுகாப்பு ஆபீசுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கற அந்த மாணவி வாயைத் திறந்தாலே எல்லாருக்கும் வேற வேலை வந்துடும். மத்தியானம் அவகூட உட்கார்ந்து சாப்பிடவும் ஆள் கிடையாது.

நடந்து போறவங்களும் சைக்கிள்ல போறவங்களும் இனிமே எங்கெங்க அடிபடுவாங்கன்னு, பழைய விபத்துகளை வச்சுக் கணிக்கிற வரைபடம் அவ போட்டது. ஆபத்தான ரோடு சிவப்பு. பத்திரமான ரோடு பச்சை.

"சிவப்புல எல்லாம் ஆள் கடக்க சிக்னல் வைக்கிறீங்க, சரி. கடைசியா பச்சைல ஒண்ணு எதுக்கு? அந்த ரோட்டுல ஒரு விபத்துகூட கிடையாது. உங்க அக்கா வீடுதான் இருக்கு."

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து திட்டும்மா."

"போகத்தான் போறேன். பெரிய அதிகாரிகிட்ட புகார் குடுத்தாச்சு. நான் பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா, அந்த சிக்னலை ரத்து பண்ணிடுவார்."

அக்கா வீட்டுக் கதவு தட்டின உடனே திறந்துச்சு.

"தம்பி ஆபீஸா? உள்ள வா கண்ணு. இந்த வாசல்ல ஆள் நின்னு எவ்வளவு நாளாச்சு."

ஜன்னலோரம் ஒரு நாற்காலி. எதிர்ப்பக்கத்து மாடி ஜன்னல்ல வயசான ஒரு அம்மா காதுல போனை வச்சுக்கிட்டுக் கையை ஆட்டினாங்க.

"என் சிநேகிதி. தினமும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவ அங்க, நான் இங்க."

"எதிர்வீடுதானேம்மா? எழுந்து போனா தேஞ்சா போயிடுவீங்க?"

அக்கா கோவிச்சுக்கல. "நீ போறியா? இந்தத் தலையணை உறையை அவகிட்ட குடுத்துடேன். தச்சு ரொம்ப நாளா இங்கயே கிடக்கு."

மாணவி உறையை வெடுக்குன்னு வாங்கிக்கிட்டு ரோட்டோரம் வந்தா.

லாரி. பஸ். திரும்பவும் லாரி. ஒரு காலை எடுத்து வச்சா, பின்னால இழுத்துக்கிட்டா. மறுபடி வச்சா. லாரிக் காத்து ஆளையே தள்ளுச்சு. யாராவது கடந்தா கூடவே ஒட்டிக்கிட்டுப் போயிடலாம்னு ரெண்டு பக்கமும் பாத்தா.

ஒரு ஆள் இல்ல. ஒரு சைக்கிள் இல்ல.

கடைசில ஒரு ஆட்டோவைக் கை காட்டினா.

"எதிர்வீட்டுக்கா? ஏறுங்க, பாலத்தைச் சுத்தித்தான் வரணும்"னார் டிரைவர். "இங்க சிக்னல் கிக்னல் வச்சுத் தொலைச்சுடப் போறாங்க. என் பொழப்பே இந்த ரோட்டாலதான் ஓடுது."

பாலம் ஏறும்போது போன் அடிச்சுது. பெரிய அதிகாரி.

"என்னம்மா, பாத்துட்டியா? ரத்து பண்ணிடவா? விபத்தே இல்லாத ரோடுன்னு நீதானே அந்தக் கத்து கத்தின."

பாலத்து மேல இருந்து அவ அந்த ரோட்டைத் திரும்பிப் பாத்தா.

"சிக்னல் இருக்கட்டும் சார். அடிபடறதுக்குக்கூட இங்க யாரும் வெளிய வர்றதில்ல."