எழுபத்தைந்துக்கு மேல்

"இந்த வருஷமும் நீ கடைசியாத்தாம்மா வரப்போற. தெரிஞ்சே எதுக்கு இந்த வம்பு?"

மைதானத்து ஓரத்தில் மண்டியிட்டு, அம்மாவின் முழங்காலில் பட்டையை இறுக்கிக்கொண்டே கேட்டாள் மகள். ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு இதேதான் வேலை. பிசியோதெரபிஸ்ட்.

"யாராவது ஒருத்தர் கடைசியா வந்துதானே ஆகணும்" என்றாள் அம்மா.

"விளையாடாதே. முப்பது வயசு தாண்டினாலே தசை கரைய ஆரம்பிச்சிடும். உனக்கு எழுபத்தொன்பது. முட்டிக்குள்ள இருந்த மெத்தை தேஞ்சுபோய் எலும்பும் எலும்பும் உரசுது."

"உரசட்டும். இத்தனை வருஷம் பழகின எலும்புங்கதானே."

எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான நூறு மீட்டர் ஓட்டம். மூன்றே பேர். முப்பது வருஷம் வீடு வீடாக நடந்தே கடிதம் கொடுத்த தபால்காரம்மா, ரிட்டயரான கணக்கு டீச்சர், அப்புறம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்த அம்மா.

விசில் ஊதியது.

தபால்காரம்மா பறந்தார். கோட்டைத் தாண்டும்போது கடிகாரத்தில் இருபத்தொரு விநாடி. டீச்சர் மூச்சு வாங்க முப்பதில் வந்து சேர்ந்தார்.

அம்மா பாதிகூடத் தாண்டவில்லை.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் முழங்கால் மடங்கியது. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"பாட்டி, வண்டி ஏதாவது வரச் சொல்லவா?" என்றான் ஒருவன். கொல்லென்று சிரிப்பு.

மகளுக்கு மானம் போயிற்று. பாதை ஓரமாகவே ஓடினாள். "போதும்மா, வெளியே வந்துடு. நாளைக்கு எழுந்திரிக்க முடியாது."

"தள்ளிப் போடி. நீ கை கொடுத்தா கணக்குல சேராது."

எல்லைக் கோட்டருகே ஜெயித்த தபால்காரம்மா இன்னும் நகரவில்லை. இடுப்பில் கை வைத்தபடி அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதான் ஜெயிச்சாச்சே, போய் மெடலை மாட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே? தோத்தவங்க தடுமாறுறதையும் நின்னு வேடிக்கை பார்க்கணுமா?

அம்மா பல்லைக் கடித்தாள். ஒரு காலை வைத்தாள். மற்றதை இழுத்தாள். மறுபடி வைத்தாள். சிரித்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அம்மா கோட்டைத் தாண்டினாள்.

தபால்காரம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் குதிகுதியென்று குதித்தார்கள், அம்மா ஒற்றைக் காலில்.

அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. "நூறு மீட்டர், இருபத்தொரு விநாடி. புதிய சாதனை!"

"ஓடி முடிச்சு எவ்வளவு நேரமாச்சு, இப்பதான் சொல்றாங்களா?" என்றாள் மகள் எரிச்சலாக.

தபால்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு பேர் முடிக்கலேன்னா போட்டியே செல்லாதும்மா. ஓட்டம்னாலே பிடிக்காத உங்கம்மா, நாலு வருஷமா எனக்காகத்தான் கடைசியா வந்துக்கிட்டிருக்கா."