கல் பட்ட குழி

துஷாந்த் மம்மட்டியை உயர ஓங்கி, பூப்போல இறக்கினான். ஒரு பிடி மண்கூட வரவில்லை.

"பாத்தியா மச்சான், எங்க வேகத்த?"

வீடியோ அழைப்பில் போனைப் பிடித்திருந்தவன் அர்ஷாத். பதுளை பஜாரில் செருப்புக் கடை. கடையைப் பூட்டிவிட்டு ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்திருந்தான். அவன் சிரித்தபோது படம் ஆடியது. தேயிலைச் சரிவு, மேகம், முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி.

அதைப் பார்த்துக்கொண்டு விமல்ராஜ் தோஹா விமான நிலையத்தில் ஒரு தூணுக்கடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். சார்ஜர் வயர் குட்டை. நாற்காலி வரை எட்டவில்லை.

ருமேனியாவுக்கு வேலைக்குப் போகும் வழியில் அங்கே ஒரு பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும். இறங்கி வைஃபை பிடித்ததும் வந்த முதல் செய்தி, அப்பா ரெங்கசாமி இறந்துவிட்டார் என்பது. அந்த நிமிஷமே பதில் போட்டான். திரும்பி வர்றேன். அப்பாவ எடுக்காம வச்சிருங்க.

அதிலிருந்து கூட்டாளிகள் இருவரும் அவனைத் தனியாக விடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு லயத்து வீடுகள் முழுக்கக் காட்டினார்கள். வாசலில் கட்டிய வெள்ளைக் கொடி, தோட்டத்தில் கொடுத்த சவப்பெட்டி, அடுப்பில் கொதிக்கும் தேத்தண்ணி. அப்பாவின் முகத்தை மட்டும் காட்ட வேண்டாம் என்றான். வந்து நேரில் பார்க்கட்டும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

குழி முடிந்தால் அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். வெட்டி முடித்த குழி ராத்திரி வெறுமையாகக் கிடந்தால் இன்னொரு ஆளைக் கேட்கும் என்பது லயத்து நம்பிக்கை.

அதனால்தான் குழி முடியவில்லை.

தோட்டத் தலைவர் குடையோடு மேலே வந்து நின்றார்.

"என்னாங்கடா இது? மத்தியானத்துல இருந்து முழங்காலுக்கு மேல எறங்கலியே?"

"கல்லுங்க தலைவரே," என்றான் துஷாந்த். "பெரிய கல்லு. அலவாங்குக் கம்பியே வளையுது."

"போன வருசம் பெரியாயிக்கு இதுக்குப் பக்கத்துலதான வெட்டுனோம்? அப்ப ஏதுடா கல்லு?"

"இப்ப வளந்துருச்சுங்க."

போன் வானத்தைக் காட்டியது. அர்ஷாத் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்.

விமல்ராஜும் சிரித்தான். சத்தமாகவே சிரித்துவிட்டான். எதிரே பெட்டியைக் காலால் அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துப் பார்த்தார். அந்த இடத்தில் அன்று அவனைப் பார்த்த ஒரே ஆள்.

தலைவர் போனை வாங்கினார். அவருடைய காதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"தம்பி, ஒரே பிள்ளை நீ. ஒன் கையால மண்ணு விழணும்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. ஆனா மழை வருது. ஹாலிஎல சொந்தக்காரங்க கெளம்ப எந்திரிக்கிறாங்க. நிச்சயமா வர்றியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் துஷாந்த் குழிக்குள்ளிருந்து கத்தினான். "என்னாங்க கேள்வி இது? இன்னைக்குப் போய் எறங்கலன்னா அந்த வேலை வேற ஆளுக்காம். அதையே வேணான்னுட்டு வர்றான். அவன்கிட்ட போயி!"

விமல்ராஜ் சொன்னான். "வர்றேங்க."

தலைவர் குடையை மறு கைக்கு மாற்றினார்.

"சரி. ஹாலிஎல ஆளுங்கள நான் நிப்பாட்டுறேன். கல்லுன்னு நானே சொல்லிர்றேன்."

மழை பிடித்தது. இரண்டு பேரும் குழிமேல் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து, ஓரத்தில் கல் வைத்தார்கள். தேடித்தான் எடுத்து வந்தார்கள். அந்தச் சரிவில் கல்லே இல்லை.

பிறகு அங்கேயே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். போனுக்கும் நடுவில் இடம் விட்டார்கள்.

"ஒனக்குக் கடைசி ஒரு அடி மண்ணு வச்சிருக்கோம் மச்சான்," என்றான் அர்ஷாத். "நீ வந்துதான் வெட்டணும். சும்மா வந்து நின்னு அழுதுட்டுப் போயிறலாம்னு பாக்காத."

தோஹாவில் ஒலிபெருக்கி எதையோ அறிவித்தது. அவர்களுக்கும் கேட்டது.

"கூப்புடுறாங்களா? ஓடு, ஓடு. ஏறுனதும் ஒரு மெசேஜ் போட்ரு."

இரண்டு பேரும் கை காட்டினார்கள். கை முழுக்கச் சேறு.

விமல்ராஜ் வயரைச் சுருட்டினான். எழுந்தபோது கால் மரத்திருந்தது. நொண்டிக்கொண்டே நடந்தான். வழியில் டிக்கெட் மாற்றும் கவுண்டர். காலையிலிருந்து அங்கே வரிசையே இல்லை. அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது.

கேட்டில் அவன் வயதுப் பையன்கள் நின்றார்கள். எல்லோர் தலையிலும் ஏஜென்சி கொடுத்த நீலத் தொப்பி. அவனும் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

பலகையில் ஊர்ப் பெயர் ஓடியது. புக்காரெஸ்ட், ருமேனியா.

சீட்டில் உட்கார்ந்ததும் போன் அதிர்ந்தது. அர்ஷாத் ஒரு படம் அனுப்பியிருந்தான். மழை, படங்கு, அதன் மேல் சாய்த்து வைத்த ஒரு மம்மட்டி. கீழே இரண்டு சொல்.

கல்லு பத்திரம்.

ஏறிட்டேன் என்று பதில் அனுப்பினான். அன்று அவர்களுக்கு அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.