கோடனின் கடைசிக் காட்சி

தூத்துக்குடி ஜெபசிங்கும் பெர்சியாவும் காதலித்ததே 'ஆழியூர்க் கப்பல்' கார்ட்டூன் தொடரால்தான். ரசிகர் கூட்டத்துக்கு அவள் கேப்டன் மின்மினியின் வேடத்தில் வந்தாள். அவன் கப்பல் மெக்கானிக் கோடனாக வந்தான்.

பதினாறு வருடம் ஓடிய தொடருக்கு அன்று கடைசிப் பகுதி. ஒவ்வொரு ரசிகரின் மனதையும் படித்து, அவரவர் ஆசைப்படும் முடிவைத் தனித்தனியே தயாரித்து அனுப்பியிருந்தது நிறுவனம். கணவனும் மனைவியும் ஒரே சோபாவில் அமர்ந்து, ஆளுக்கொரு திரையில் பார்த்தார்கள். இருவருமே அழுதார்கள்.

"ஏட்டி, மின்மினி கப்பல் வேலைய விட்டுட்டு கோடனோட வீட்டுலயே இருந்துட்டா! இதவிட நல்ல முடிவு உண்டா?" என்றான் ஜெபசிங், கண்ணைத் துடைத்தபடி. "ஒனக்கு எப்படி முடிஞ்சுது?"

"மின்மினி கப்பல எடுத்துட்டுப் போயிட்டா."

"கோடன்?"

"கரையில நின்னான்."

அவள் டீ போடப் போனதும், மனைவிக்குத் தவறான முடிவு வந்துவிட்டதென்று அவன் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினான். உடனே பதில் வந்தது: 'சரிபார்த்துவிட்டோம். பிழை எதுவும் இல்லை. கடைசிக் காட்சியை அவர் இப்போது நான்காவது முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.'

ஜெபசிங் அடுக்களைக்கு ஓடினான். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பெர்சியா கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு, "கோடனையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?" என்று கேட்டான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நானும் வாரேன்னு அவன் ஒரு வார்த்த சொல்லலியே."