பதிவேட்டில் இல்லாத பெயர்

வனப் பாடம் முடிந்து பேருந்தில் ஏறும் முன் அருளப்பன் ஐயா வருகைப்பதிவு எடுத்தார். பதினாறு பேரை அழைத்த பிறகு, பழக்கத்தில், பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரையும் கூப்பிட்டுவிட்டார்.

"ரெஜினா."

சென்ற ஆண்டு இதே காட்டுக்கு, இதே வகுப்போடு வந்து, திரும்பாமல் போனவள். நாற்பது நாள் தேடினார்கள்.

"உள்ளேன் ஐயா" என்றது மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல்.

யாரும் அசையவில்லை. பிறகு இன்பராஜ் மேலே கைகாட்டிச் சிரித்தான். "கரிச்சான்ங்கய்யா! காலையில நீங்கதான சொன்னீங்க, கேட்ட குரல அப்படியே பேசிக் காட்டும்னு."

கிளையில் கறுத்த பறவையொன்று நீண்ட வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. அது மறுபடி சொன்னது. "உள்ளேன் ஐயா." கடைசி எழுத்தை ரெஜினா இழுப்பதுபோலவே இழுத்தது. இந்த முறை இன்பராஜும் சிரிக்கவில்லை.

"போன வருசம் நீங்க பேர் கூப்பிட்டப்ப அவ சொன்னதக் கேட்டிருக்கும். இல்லைங்கய்யா?" என்று ஹசீனா கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் அவர்.

சென்ற ஆண்டு மழை வந்துவிட்டது. அவசரத்தில், இந்தக் காட்டில் அவர் யார் பெயரையும் கூப்பிடவே இல்லை. பேருந்து மலையிறங்கிய பிறகுதான் ஓர் இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்தார்.

பிள்ளைகளை வண்டியில் ஏறச் சொன்னார். பறவை பறந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு காட்டைப் பார்த்து, மெதுவாக, அந்தப் பெயரை மறுபடி கூப்பிட்டார்.