நாற்பத்தேழு விநாடி

"அனுப்பினது நீங்கதானே?" என்றார் சீனியர் வக்கீல்.

தையல்கார அக்கா தலையாட்டினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையைச் சாத்திய அவசரத்தில் அதைக் கழற்ற மறந்து பஸ் ஏறியிருக்கிறாள்.

ஜூனியர் மேசை ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த கறுப்புக் கோட்டு அக்கா தைத்தது.

அக்கா கடை இருக்கிற அந்தத் தெருவில் ஜூனியர்தான் முதல் பட்டதாரி, முதல் வக்கீல். விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து விவாகரத்து வரைக்கும் எல்லாரும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். தெரிந்ததையும் சொல்வாள், தெரியாததையும் சொல்வாள். தெரியாது என்று சொல்லவா அப்பா மூட்டை தூக்கிப் படிக்க வைத்தார்?

நடந்தது இதுதான். ஸ்கூல் வேன் டிரைவர் தொளதொளத்த சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்தான். போனைத் தையல் மிஷின் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். திரை அணையவில்லை. யாரும் எடுத்திருக்கவே கூடாத ஒரு வீடியோ அதில் இருந்தது. வேனில் போகிற ஒரு பிள்ளை.

அக்காவின் மகளும் அதே வேன்தான்.

அவன் திரும்பி வருவதற்குள் வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வேன் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். 'இவனை நம்பாதீங்க. பிள்ளைங்களை வேன்ல ஏத்தாதீங்க' என்று கீழே எழுதியும் விட்டாள்.

குரூப்பில் அறுபத்திரண்டு பேர். அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதில் ஒருத்தி.

டிரைவர் அன்றைக்கே உள்ளே போய்விட்டான். மறுநாள் அந்த அம்மா அக்கா மேலேயும் புகார் கொடுத்தாள். என் பிள்ளையை ஊரே பார்க்க வைத்துவிட்டாளே என்று ஸ்டேஷனில் தரையில் உட்கார்ந்து அழுதாளாம். அவளை என்ன குறை சொல்ல முடியும்?

"அவனைக் காட்டிக் குடுக்கத்தானே சார் அனுப்பினேன்?"

"போனை எடுத்துட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயிருந்தா நீங்க சாட்சிம்மா. குரூப்ல போட்டதால குற்றவாளி." சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மாதிரிப் படத்தை வச்சிருக்கறதே குத்தம். அடுத்தவங்களுக்கு அனுப்பறது அதைவிடப் பெரிசு. நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு சொன்னா தண்டனை குறையலாம், குத்தம் போகாது. அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாம்."

அக்கா விரல் மடக்கினாள். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு.

ஜூனியரின் பேனா நின்றது. பிறகு ஓடியது.

சீனியர் ஒரு தாளை மேசையில் தள்ளினார். அக்காவின் போனிலிருந்து போன அழைப்புகளின் பட்டியல், போலீஸ் கொடுத்தது. வெறும் எண்கள். ஒரு வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

"வீடியோ உங்க போனுக்கு வந்தது பத்து முப்பத்தெட்டு. குரூப்புக்குப் போனது பத்து நாப்பத்திரண்டு. நடுவுல ஒரு கால், நாப்பத்தேழு விநாடி. யாரு இது?"

"ராங் நம்பர் சார்."

"ராங் நம்பர்ல நாப்பத்தேழு விநாடி பேசுவீங்களா?"

"நல்லவிதமா பேசினாங்க சார். அதான்."

சீனியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா. யாரோ விஷயம் தெரிஞ்சவங்க சொல்லித்தான் செஞ்சீங்கன்னு வைங்க. அந்த ஆள் கோர்ட்டுல வந்து, ஆமா நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொன்னா, கேஸே வேற மாதிரி ஆயிடும். நீங்க ஜெயிலுக்குப் போகாமத் தப்பிக்க வழி கிடைக்கும். அந்த ஆளுக்குத்தான் கொஞ்சம் தலைவலி."

"யாரும் சொல்லலை சார். எனக்காத் தோணுச்சு."

சொல்லும்போது அக்கா சீனியரைப் பார்க்கவில்லை. ஜூனியரின் கோட்டுத் தோளைப் பார்த்தாள். "வக்கீலம்மா, இடது தோள் தொங்குது பாருங்க. கழட்டிக் குடுங்க, பிடிச்சுத் தரேன்." தெருவில் அவளை 'ஏய் கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். ஆபீஸ் என்பதால் இத்தனை மரியாதை.

'யாரும் சொல்லவில்லை. தானாகச் செய்தது.' ஜூனியர் எழுதினாள். கையெழுத்து மணிமணியாக இருந்தது.

"அந்த நம்பருக்கு ஒரு கால் போடும்மா. ஸ்பீக்கர்ல போடு" என்றார் சீனியர்.

ஜூனியர் தன் போனை எடுத்தாள். பத்து எண்களையும் அழுத்தினாள். தாளைப் பார்க்கவில்லை. சீனியர் அதைக் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள். கழுத்து நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

'நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்' என்றது போன்.

தன் எண்ணுக்குத் தானே போட்டால் அப்படித்தான் சொல்லும்.

"பிஸி சார்."

"பரவால்ல, ஆள் இருக்கு. நாளைக்குப் பிடிச்சுக் கூட்டிட்டு வா."

"சரி சார்."

வீடியோ கிடைத்த அன்றைக்கு, கோர்ட் வராந்தாவில் நின்றுதான் ஜூனியர் பேசினாள். கக்கத்தில் ஃபைல், உள்ளே கேஸ் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அக்கா அழுதுகொண்டே சொன்னதைப் பாதிதான் கேட்டாள். கேட்ட பாதிக்கே ரத்தம் கொதித்தது. வந்து அழிச்சிட்டுப் போயிடுவான்க்கா, அந்த அம்மாங்க எல்லாருக்கும் உடனே அனுப்பு, அத்தனை பேர் கையில இருந்தா அவனால ஒண்ணும் புடுங்க முடியாது என்றாள்.

தப்பாயிடாதில்ல கண்ணு, என்று கேட்டிருந்தாள் அக்கா.

நாற்பத்தேழு விநாடியில் கடைசி இரண்டு விநாடி அதற்கான பதில்.

நான் பாத்துக்கறேன்க்கா.