ஆற்றை அறிந்தவர்

"எதிர்நீர்ல படகு விடறது எல்லாருக்கும் வராது, ஐவி. ஆறு நம்ம கைக்கு அடங்கணும்" என்றார் பெர்சிவல், பித்தளைப் பொத்தான் மின்னும் நீலக் கோட்டோடு சுக்கானைப் பிடித்தபடி.

படகு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. தலையில் இருக்கும் கேப்டன் தொப்பி வாங்கி நான்கு. சாயங்காலம் ஆற்றின் மேல்பக்கம் ஆக்ஸ்ஃபோர்டில் படகுச் சங்க விருந்து. 'ஆற்றை அறிவது எப்படி?' என்று அவர்தான் பேசுகிறார்.

"இன்னிக்கு டாஃப்னிக்கு அறுபதாவது பிறந்த நாளுங்க" என்று தேநீரை நீட்டினாள் ஐவி. "ஆத்தோட கீழே போனா கோரிங்ல அவ வீடு ரெண்டு மணி நேரந்தான். எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி."

"அந்தப் பேச்சே வேண்டாம்! அவ படித்துறையில நான் வழுக்கி ஆத்துல விழுந்தப்ப கைதட்டிச் சிரிச்சவ. இந்தப் படகு ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போகாது."

விடியற்காலையில் அன்னப்பறவைகளின் தொல்லை தாங்காமல் எழுந்து, படகை அவிழ்த்து இடம் மாற்றி, திருப்பிக் கட்டியதுகூட ஐவிதான். பெர்சிவல் அப்போது குறட்டையில் இருந்தார்.

"பாத்தியா, எவ்வளவு லேசா வழுக்கிட்டுப் போகுது! எல்லாம் கைராசி."

"வரைபடத்தை ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு."

படகுகளை ஏற்றி இறக்கும் மதகு வந்தது. இரண்டு பக்கமும் கதவு மூடிய தொட்டிக்குள் படகை நிறுத்தி, கரையில் நின்ற மதகுக்காரரிடம் பெர்சிவல் மாலைப் பேச்சை ஒத்திகை பார்த்தார். தண்ணீர் வடிய வடியப் படகு ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியது. அவர் அண்ணாந்து பேச்சைத் தொடர்ந்தார்.

"ஐயா, நீங்க எங்க..."

"ஆக்ஸ்ஃபோர்டுக்கு!"

மதகுக்காரர் வாயைத் திறந்தார். கரையில் கயிற்றைப் பிடித்து நின்ற ஐவி அவர் கையில் இஞ்சி பிஸ்கட்டைத் திணித்தாள். அவர் மென்றுகொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த மதகிலும் பிஸ்கட் செலவானது. அதைத் தாண்டிய வளைவில் பலூன் கட்டிய ஒரு படித்துறை. அதில் நின்ற பெண்மணி கைதட்டினாள். அந்தக் கைதட்டல் பெர்சிவலுக்குப் பழக்கமானது.

"அக்கா! அத்தானை எப்படிக்கா கூட்டிட்டு வந்தே?"

கேக் டப்பாவோடு இறங்கினாள் ஐவி.

"நான் எங்கடி கூட்டிட்டு வந்தேன்? அவரேதான் ஓட்டிட்டு வந்தாரு!"