சுற்று வழி

அமுக்கினாள். விட்டாள்.

அப்பாவின் நெஞ்சு ஏறியது. இறங்கியது.

கைக்குள் இருந்தது ஒரு ரப்பர் பை, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு குழாய் அவர் வாய்க்குள் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய மிஷின் செய்த வேலையை இப்போது அவள் கை செய்துகொண்டிருந்தது. இதை அமுக்க ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் ஆம்புலன்ஸில் வந்தால் அதற்குத் தனிக் காசு என்றார்கள். நர்ஸ் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள். உங்க மூச்சு மாதிரியே நிதானமா அமுக்குங்க அக்கா, வீடு போற வரைக்கும்.

வீடு போகிற வரைக்கும்.

அதுக்கப்புறம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

இன்னும் ஒரு மிஷின் இருக்கிறது என்றார் டாக்டர். அதைப் போட்டால் எழுந்துவிடுவாரா என்று கேட்டதற்கு, போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பாவின் மாவு மில் போனது. அவள் கழுத்துச் சங்கிலி போனது. மிச்சம் வீடு ஒன்று.

"வீட்டையும் வித்துட்டா, அப்பாவ எங்கக்கா கொண்டு போய்ப் படுக்க வைக்கது?"

தம்பி கேட்டான். கேட்டுவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்கிற தாளில் கையெழுத்துப் போட்டான். போட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

வேண்டாம்டா என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. வாய் மட்டும் இருந்து என்ன செய்ய? அவன் பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

அமுக்கினாள். விட்டாள்.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கு வந்தது.

"நேரா விடவா அக்கா?" என்றார் டிரைவர்.

"வேண்டாம்ணே. கோயில் கொடை நடக்கு, தெருவ அடச்சிருப்பாங்க. குளத்துக்கரை வழியா சுத்திப் போங்க."

கொடைத் திருவிழாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அது முடிந்து மாசக்கணக்காகிறது. பச்சைப் பொய். எப்படி அத்தனை சுலபமாய் வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

குளத்துக்கரை பூராவும் மேடும் பள்ளமும். அப்பாவின் தலை இங்கேயும் அங்கேயும் ஆடியது. ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அமுக்கினாள்.

அய்யோ, இந்தக் கொஞ்ச நேரத்துக்காக மனுஷனைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறேனே. ஆஸ்பத்திரியில் நடந்ததும் இதுதானே.

நினைத்தாள். ஆனால் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

விரல்கள் மரத்துப் போயிருந்தன. தனக்காக யாராவது சிரமப்பட்டால் அப்பாவுக்குப் பொறுக்காது. கரண்ட் போன மத்தியானங்களில், தூங்குகிறாரே என்று பக்கத்தில் உட்கார்ந்து விசிறினால், கண்ணைத் திறக்காமலே சொல்வார். கை வலிக்கும்ளா, போட்டுட்டுப் போ.

இப்போது சொன்னால் என்னவாம்? ஒரு தடவை சொல்லிவிட்டால் அவளும் நிம்மதியாகக் கையை எடுத்துவிடலாம்.

சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டது தம்பிதான். ஆனால் நிற்கப்போவது இந்தக் கை. எவர் கையில் மூச்சு நிற்கிறதோ அவருக்குத்தானே பாவம்?

வண்டி தெருவுக்குள் திரும்பியது.

வாசலில் சாமியானா போட்டாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. மாமா மாலையும் கையுமாக நின்றார். ஆம்புலன்ஸ் வருகிறது என்றதும் தெருவே முடிவு கட்டிவிட்டது.

கதவைத் திறந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மாமா மாலையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். ஒப்பாரிக்கு வாயெடுத்த பெரியம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள். அவள் பையை விடாமல் கூடவே நடந்து, கூடவே உட்கார்ந்தாள். டிரைவர் நிலைப்படியில் நின்று தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

யாரும் அவளிடம் போதும் என்று சொல்லவில்லை. சொன்னால் கடித்துக் குதறியிருப்பாள்.

அம்மா ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தாள். போகிற உயிருக்கு வீட்டு மனுஷர்கள் பால் விடவேண்டும். வாயில்தான் குழாய் இருக்கிறதே. எங்கே விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விரலைப் பாலில் முக்கி, அவர் உதட்டோரத்தில் தடவினாள். வழிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

அப்புறம் மகளின் கையைப் பார்த்தாள். அது வீங்கிப்போயிருந்தது.

"கை வலிக்கும்ளா. இங்க குடு. போய் ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பையை வாங்கிக்கொண்டாள். அமுக்கினாள். விட்டாள். அவளைப் போலவே, நிதானமாக. நெஞ்சு ஏறியது, இறங்கியது.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

"அப்படித்தாம்மா. இந்தா வந்துருதேன்."

அடுக்களைக்குப் போய்ப் பானையில் செம்பை விட்டு மோந்தாள். தொண்டை அவ்வளவு வறண்டிருந்தது. மடக் மடக்கென்று குடித்தாள்.

உள்ளே அம்மா எல்லோரையும் வெளியே போகச் சொல்வது கேட்டது. தம்பியையும்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

செம்பு காலியாகிவிட்டது. தாகமும் அடங்கிவிட்டது.

அவள் திரும்பவும் பானையில் மோந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமல், மெதுவாகக் குடித்தாள்.